கைமுதல் எங்கே போயிற்று?

என் பெரியம்மா அப்பளம் இட்டு விற்றவள். உளுந்து மாவைப் பிசைந்து, பிரண்டைச் சாறு விட்டு இடித்து, உருட்டிக் கிள்ளி, வட்டம் வட்டமாக அவள் இட்டுப் போடும் வேகத்தைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். தெருவில் கல்யாணம் என்றால் அவளிடம்தான் ஆர்டர் வரும். வந்த பணத்தை அரிசிப் பானைக்குள் ஒரு டப்பாவில் போட்டுப் புதைத்து வைப்பாள். இருபது வருஷம் நடந்த வியாபாரம். ஆரம்பித்தபோது இருந்த அதே குழவி, அதே பலகை, அதே இரண்டு முறம். ஒரு படி கூட வளரவில்லை.

"பொம்பளைக்கு வியாபாரம் எங்கே வரும்?" என்பார் பெரியப்பா, வெற்றிலையை வேஷ்டியில் துடைத்தபடி. அவருக்கு மளிகைக் கடை. கடைக்குச் சரக்குப் பிடிக்கப் பணம் குறையும்போதெல்லாம் அரிசிப் பானையில் கை விடுகிறவர் யார் என்பதை அவர் சொல்ல மாட்டார். பெரியம்மாவும் சொல்ல மாட்டாள்.

வீட்டு விஷயத்தை ஏன் இங்கே இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

ஏழை நாடுகளில் பட்டம் பெற்றும் பெறாமலும் லட்சக்கணக்கான இளைஞர்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள். எல்லாருக்கும் உத்தியோகம் கொடுக்க எந்தச் சர்க்காராலும் முடியாது. ஆகவே, "கொஞ்சம் முதல் கொடு, கொஞ்சம் பயிற்சி கொடு, பிழைத்துக் கொள்ளட்டும்" என்று ஒரு யோசனை உலகமெங்கும் பரவியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பலித்ததா என்பதல்லவா கேள்வி?

இதைப் பேச்சில் தீர்க்காமல், ஊர் ஊராகப் போய்ச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். வழி ரொம்ப எளிது. உதவி கேட்டு வந்தவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள், உத்திரமேரூர்க் குடவோலை மாதிரி. சீட்டு விழுந்தவருக்குப் பணம் உண்டு, விழாதவருக்கு இல்லை. சில வருஷம் கழித்து இரு கட்சியாரும் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பார்கள். சீட்டு விழாதவர் பாடு பரிதாபம்தான். ஆனால் எல்லாருக்கும் போதாத பணத்தைப் பங்கிட, சிபாரிசைவிடச் சீட்டு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2005-ல் இலங்கையில் இப்படி ஒன்று நடந்தது. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்கிறவர்களுக்குச் சீட்டுப் போட்டு 10,000 ரூபாயோ 20,000 ரூபாயோ இனாமாகக் கொடுத்தார்கள். சைக்கிள் பழுது பார்க்கிறவர்கள், இடியாப்பம் பிழிந்து விற்கிறவர்கள், சரிகைப் பின்னல் வேலை செய்கிறவர்கள் இப்படிப்பட்ட ஜனங்கள். ஆண்களுடைய லாபம் நன்றாக ஏறியது. சந்தை வட்டியைக் கட்டியும் மீதம் பிடிக்கலாம் போல ஏறியது. பெண்களுடைய லாபம்? சராசரியில் பூஜ்யம். ஒரு காசு கூட ஏறவில்லை.

பெரியப்பா இருந்திருந்தால் வெற்றிலையைப் போட்டுக் கொண்டு சிரித்திருப்பார். அந்தப் பூஜ்யத்தின் ரகசியத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் உங்களை உகாண்டாவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

உகாண்டாவின் வடபகுதி இருபது வருஷ காலம் உள்நாட்டுக் கலகத்தில் வெந்த பூமி. குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு போய்த் துப்பாக்கி பிடிக்க வைத்த கலகம் அது. ஜனங்கள் நிலத்தை விட்டுவிட்டு முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். 2006-ஐ ஒட்டிச் சண்டை அடங்கியது. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பன் செய்த விவசாயமும் தெரியாது, வேறு தொழிலும் தெரியாது.

அவர்களுக்காக அந்நாட்டுச் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. 16 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் இருபது பேர் போலக் கூட்டாகச் சேர வேண்டும். எந்தத் தொழில் கற்கப் போகிறோம், யாரிடம் கற்கப் போகிறோம், என்ன கருவி வாங்கப் போகிறோம் என்று மனு எழுத வேண்டும். தகுதி பெற்ற 535 கூட்டங்களில் 265 கூட்டங்களுக்குச் சீட்டு விழுந்தது. 2008-ல் பணம் வந்தது. தலைக்குச் சுமார் 382 டாலர். அங்கே அது ஏறக்குறைய ஒரு வருஷ வருமானம். மொத்தமாகக் கூட்டத்தின் பாங்குக் கணக்கில் போட்டுவிட்டார்கள். அப்புறம் கணக்குக் கேட்க ஒருவரும் வரவில்லை!

இங்கே நம்மில் பாதிப் பேர் தலையில் அடித்துக் கொள்வோம். வாலிபப் பிள்ளைகள் கையில் ஒரு வருஷப் பணம், கேட்பாரில்லை, கள்ளுக்கடைக்குத்தான் போயிருக்கும் என்போம். போகவில்லை. பணத்தில் பெரும்பகுதி கருவிக்கும் சாமானுக்கும் போயிற்று. கொஞ்சம் பயிற்சிக் கட்டணம். தையல், தச்சு, இரும்பு வேலை, முடி அலங்காரம் என்று கற்றுக் கொண்டார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால், சீட்டு விழாதவர்களைவிட இவர்கள் சம்பாத்தியம் நூற்றுக்கு 38 அதிகம். தொழிலில் போட்டிருந்த கருவியும் முதலும் 57 அதிகம். உழைத்த நேரமும் கூடியிருந்தது. சும்மா கிடைத்த பணம் சோம்பேறியாக்கும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். ஒன்பது வருஷம் கழித்து மறுபடி போனார்கள். அதற்குள் சீட்டு விழாதவர்களும் கூலி வேலை, சில்லறை வியாபாரம் என்று முட்டி மோதிச் சம்பாத்தியத்தில் இவர்களை எட்டிப் பிடித்திருந்தார்கள்! தையல் மிஷினும் தச்சுக் கருவியும் கைத்தொழிலும் இவர்களிடம்தான் அதிகம் இருந்தன. வருமானம் மட்டும் சமம்.

அப்படியானால் பணம் வீணா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒன்றுமாக இருக்கிற பெண்ணுக்கு, அந்த வருஷங்களில் வந்த கூடுதல் பணம் பாலாகவும் மருந்தாகவும் போயிருக்கும். பிற்பாடு எல்லாரும் சமமானார்கள் என்பதால் அந்தப் பால் இல்லை என்றாகிவிடுமா?

பணம் இருக்கட்டும், பயிற்சி? மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுத் தலைநகரான லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கினருக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பங்கினருக்கு வழக்கமான பாடம்: வரவு செலவு எழுதுவது, விலை வைப்பது, விளம்பரம். மூன்றாம் பங்கினருக்கு மனோதத்துவ நிபுணர்கள் வகுத்த வேறு பாடம்: பக்கத்துக் கடையைப் பார்த்துக் காப்பியடிக்காதே, இடைஞ்சல் வருமுன்பே யோசித்து வை, ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தேடு. இரண்டு பாடமும் 36 மணி நேரம்தான். 2017-ல் முடிவு வெளியாயிற்று. கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு லாபம் ஏறியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றப் பாடம் படித்தவர்களுக்கு நூற்றுக்கு 30 ஏறியிருந்தது. அவர்களில் பெண்களுக்கு 40! மாதாந்தரக் கணக்கு நோட்டை நான் நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் மூன்றாம் தேதியோடு நிறுத்தியவள். இந்தச் செய்தி எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

கடன் கொடுக்கிற முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. குழுக் கடன் வாங்கிய சகோதரிகளுக்குத் தெரியும், பணம் கைக்கு வந்த சூட்டிலேயே முதல் தவணை வந்து நிற்கும். இன்றைக்கு வாங்கிய தையல் மிஷின் பதினைந்து நாளில் காசு கொட்டுமா? கல்கத்தாவில் சில பெண்களுக்கு மட்டும் இரண்டு மாதம் தவணை கேட்காமல் விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் துணிந்து தொழிலில் முதல் போட்டார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் லாபம் மற்றவர்களைவிட நூற்றுக்கு 41 அதிகம். ஆனால் கடனை நிறுத்தியவர்களும் இவர்களில்தான் மூன்று மடங்குக்கு மேல். கடன் கொடுப்பவர் ஏன் தயங்குகிறார் என்பதும் புரிகிறதல்லவா?

சரி, இலங்கைப் பூஜ்யத்துக்கு வருவோம். ரோகிணி பாண்டே, எரிக்கா ஃபீல்டு முதலிய பொருளாதார நிபுணர்கள் அந்தப் பழைய கணக்குகளையும், இந்தியா, கானா நாடுகளின் கணக்குகளையும் மறுபடி எடுத்துப் புரட்டினார்கள். 2019-ல் விடை வந்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்றுதான் என்றால், அவளுடைய லாபமும் ஆணுக்கு ஏறியது போலவே ஏறியிருக்கிறது. வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால் மட்டும் அவள் கணக்கில் பூஜ்யம். பணம் தொலையவில்லை. குடும்ப வருமானம் ஏறித்தான் இருக்கிறது. அவள் பெயரில் வந்த முதல் அவர் கடைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அரிசிப் பானை ஞாபகம் வருகிறதா?

இதற்கு உகாண்டாவில் ஒரு மருந்து செய்து பார்த்தார்கள். தலைநகர் கம்பாலாவில் பிராக் என்ற ஸ்தாபனத்தில் கடன் வாங்கும் சுமார் 3,000 பெண்களில், சிலருக்குக் கடனை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், அவரவர் கைப்பேசிக் கணக்கில் போட்டார்கள். ரகசிய எண் அவளுக்கு மட்டுமே தெரியும். வட்டி அதேதான், தொகையும் அதேதான். எட்டு மாதத்தில் அந்தப் பெண்களின் லாபம் மற்றவர்களைவிட நூற்றுக்கு 15 கூடியிருந்தது. அதிலும் வீட்டில் கை நீட்டுகிறவர்கள் அதிகம் உள்ள பெண்களுக்கே அதிகப் பலன்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெரியப்பா போய் ஆறு வருஷமாகிறது. போன வாரம் போயிருந்தபோது இதையெல்லாம் சொன்னேன். முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக் கொண்டே கேட்டவள், கை நிறுத்தாமல் ஒரு கேள்வி போட்டாள்.

"ஏண்டி, பணம் பெட்டிக்குள்ளே இருக்குன்னு தெரிஞ்சா, எண்ணைச் சொல்லுன்னு அவர் கேட்க மாட்டாரா?"

"கேட்டால் என்ன பெரியம்மா, மறந்து போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

புடைத்த முறம் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.