ராம் மாற்றியதும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? பார்மட் செய்யும் முன் படியுங்கள்

பழைய கம்ப்யூட்டருக்குக் குறைந்த செலவில் வேகம் கூட்ட வேண்டுமா? ராம் மெமரியைக் கூட்டிப் போடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். 2 ஜி.பி. ராமில் திணறிக் கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு 8 ஜி.பி. கிடைத்தால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் அசராது. வேலையும் பெரிதில்லை. கேபினட்டைத் திறந்து, ஸ்லாட்டில் செருகி, மூடிவிடலாம்.

மூடிவிட்டுப் பவர் பட்டனை அழுத்தினால்தான் சில வீடுகளில் வேடிக்கை ஆரம்பிக்கும். பேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் கருப்பாகவே நிற்கும். உடனே "மதர்போர்டு போச்சு", "ஹார்ட் டிஸ்க் அவுட்", "பார்மட் அடித்தால்தான் சரியாகும்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ராம் மாற்றியதால் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அவசரப்பட்டுச் செய்த வைத்தியத்தில் அழிந்துபோன பைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியாக எதை மாற்றினீர்களோ, அதை முதலில் பழையபடி ஆக்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுவரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் அழிக்காதீர்கள்.

அறிகுறியைக் கவனியுங்கள்

ஆன் செய்தவுடன் கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக் கொள்ளும். இதற்கு போஸ்ட் என்று பெயர். ராம் சரியில்லை என்றால் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். விண்டோஸ் பக்கமே போகாது. ஆகவே எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

பேன்கூடச் சுற்றவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். கேபினட்டைத் திறக்கும்போது பின்பக்க பவர் கார்டு தளர்ந்திருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் உள்ள சிறிய ஸ்விட்ச் ஆஃபில் இருக்கலாம்.

பேன் சுற்றி, திரை கருப்பாக இருந்தால் ராம் மீதுதான் முதல் சந்தேகம். ஆன் ஆகி, சில விநாடிகளில் ஆஃப் ஆகி, மீண்டும் ஆன் ஆவதும் இதே வகைதான்.

கம்பெனி லோகோ தெரிந்து, அதன் பிறகு விண்டோஸ் வரவில்லை என்றால் கதை வேறு. ராம் போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. பயாஸ் செட்டிங்கையோ, ஹார்ட் டிஸ்க் கேபிளையோ பார்க்க வேண்டும்.

பீப் ஒலியும் உதவும். அவார்டு பயாஸ் உள்ள பழைய போர்டுகளில் நீண்ட பீப் விட்டு விட்டுத் தொடர்ந்து கேட்டால் மெமரி கோளாறு என்று பொருள். பல கேபினட்களில் ஸ்பீக்கரே இருப்பதில்லை. மதர்போர்டில் செருகும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்துக் கொண்டால் நல்லது. நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்வேன். ஸ்பீக்கர் பீப் அடித்தால் மதர்போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

டி.டி.ஆர்.5 ராம் போடும் புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராம் மாற்றிய பின் முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ராமைப் பழகிக் கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக் கொள்ளலாம். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பொறுமை இழந்து ஆஃப் செய்துவிட வேண்டாம்.

பழைய ராமைத் திரும்பப் போடுங்கள்

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி விடுங்கள். பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உடம்பில் உள்ள ஸ்டாடிக் மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

புதிய ராமை எடுத்துவிட்டு, பழைய ராமை அது இருந்த அதே ஸ்லாட்டில் போடுங்கள். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் உங்கள் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை புதிய ராமில், அல்லது அதைப் பொருத்திய விதத்தில் இருக்கிறது.

பழைய ராமிலும் எழவில்லை என்றால் வேலை செய்தபோது கை பட்டு வேறு ஏதோ தளர்ந்திருக்கிறது. பிராசசருக்கு அருகில் செருகும் 4 பின் பவர் ஒயரைப் பாருங்கள். அது கழன்றிருந்தால் பேன் சுற்றும், திரை வராது. பெரிய 24 பின் கனெக்டர், கிராபிக்ஸ் கார்டு, சாட்டா கேபிள் எல்லாவற்றையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

சரியாக உட்கார்ந்ததா?

ராம் ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப் 'டக்' என்று தானாக மூட வேண்டும். இரு முனையிலும் கட்டை விரலால் சமமாக அழுத்துங்கள். புது ராம் போட முதலில் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருக்கும். கேபினட்டைப் படுக்க வைத்து அழுத்தினால் சுலபம்.

ராமின் தங்க நிறக் கால்களில் கறை படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைக்கலாம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்லாட்டில் உள்ள தூசியைச் சுத்தமான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

பிறகு புது ராமைத் தனியாக முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அடுத்து இரண்டாவது ஸ்லாட்டில். பழைய ராமையும் அப்படியே சோதியுங்கள். இரண்டு ராம், இரண்டு ஸ்லாட் என்றால் நான்கே சோதனைதான். எந்த ராம், எந்த ஸ்லாட், என்ன ஆயிற்று என்று ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டே வாருங்கள். தனித்தனியாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் இரண்டுக்கும் ஒத்துப் போகவில்லை.

உங்கள் போர்டுக்கு ஏற்ற ராமா?

டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டிலும் 240 கால்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். முன்னது 1.8 வோல்ட்டிலும் பின்னது 1.5 வோல்ட்டிலும் ஓடும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 கால்கள். அங்கேயும் வெட்டு மாறும். உள்ளே இறங்கவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள்.

சரியாக இறங்கினாலும் சில ராம்கள் ஓடாது. இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள போர்டுகள் உதாரணம். இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராமை இவை ஏற்றுக் கொள்ளும். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜி.பி. ராமைப் பெரும்பாலும் ஏற்காது. சிப் ஒவ்வொன்றின் கொள்ளளவும் அந்தப் பழைய சிப்செட்டின் எல்லையைத் தாண்டிவிடுவதுதான் காரணம்.

மலிவாக விற்கும் டி.டி.ஆர்.3 ராம்களில் இன்னொரு ரகம் உண்டு. அவை ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் மட்டும் ஓடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இன்டெல் போர்டில் போட்டால் திரை வராது. வாங்கும் முன் பொருளின் விவரத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். சி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராமில் உங்கள் மதர்போர்டின் மாடலையும் இப்போதுள்ள ராமின் வகையையும் பார்த்துக் கொள்ளலாம்.

பத்திரிகைக் கடையில் நடந்தது

இந்த ஏ.எம்.டி. ராம் ஒன்று எங்கள் தெருவில் ஒரு பிழைப்பையே ஆட்டிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை அது. 2012ல் வாங்கிய கம்ப்யூட்டர். இன்டெல் எச்61 போர்டு, விண்டோஸ் 7, பேஜ்மேக்கர். 2024 ஜனவரியில், தை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில், கடைக்கார அண்ணன் இணையத்தில் 4 ஜி.பி. ராம் ஒன்று வாங்கிப் போட்டார். திரை வரவில்லை.

அவசரத்துக்கு வந்த ஒருவர் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பழைய ராமையும் திரும்பப் போட்டார். இப்போது விண்டோஸ் லோகோ வந்தது. ஆனால் நீலத் திரை ஒன்று மின்னி மறைந்து, ரீஸ்டார்ட் ஆகிக் கொண்டே இருந்தது. "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, சி டிரைவைப் பார்மட் பண்ண வேண்டும்" என்று சொல்லிவிட்டு, சிடி எடுத்துவரப் போய்விட்டார்.

அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, பன்னிரண்டு வருஷ டிசைன் எல்லாம் டெஸ்க்டாப்லதான் போட்டு வச்சிருக்கேன். பார்மட் அடிச்சா போயிடுமா?"

"போயிடும்ணே. டெஸ்க்டாப்பும் சி டிரைவுலதான் இருக்கு. யாரையும் தொட விடாதீங்க, வர்றேன்" என்றேன்.

முதலில் பயாஸைத் திறந்தேன். தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றியதில் செட்டிங் எல்லாம் கம்பெனி நிலைக்குப் போயிருக்கிறது என்று புரிந்தது. அடுத்து, ஆன் ஆகும்போது எப்8 கீயை அழுத்தி, 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். நீலத் திரை நின்றது. அதில் இருந்த ஸ்டாப் எண் 7பி என்று முடிந்தது. பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

பயாஸில் சாட்டா மோடு ஐ.டி.இ. என்று இருந்தது. விண்டோஸை இன்ஸ்டால் செய்தபோது அது ஏ.எச்.சி.ஐ. ஆக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றி, எப்10 அழுத்திச் சேவ் செய்தேன். விண்டோஸ் வந்தது. டெஸ்க்டாப்பில் அத்தனை பத்திரிகையும் அப்படியே இருந்தன. வேறு எதையும் செய்யும் முன், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி எல்லாவற்றையும் காப்பி செய்தோம். பிறகுதான் ராமின் விற்பனை விவரத்தைத் தேடிப் படித்தோம். கடைசி வரியில் ஏ.எம்.டி.க்கு மட்டும் என்று இருந்தது. அந்த ராமைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினார். ஒத்துக் கொண்ட பத்திரிகைகளை நேரத்துக்குக் கொடுத்தும் விட்டார்.

பேட்டரியைக் கழற்றும் முன்

ராம் பிரச்சினைக்கு பயாஸை ரீசெட் செய்வது நல்ல வைத்தியம்தான். ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள். பழைய ராமில் கம்ப்யூட்டர் எழுகிறது என்றால் முதலில் பயாஸுக்குள் போய் சாட்டா மோடு, பூட் ஆர்டர், யு.இ.எப்.ஐ. அல்லது லெகசி என்ற விவரம் ஆகியவற்றை மொபைலில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். ரீசெட் ஆன பிறகு விண்டோஸ் வரவில்லை என்றால் இந்த மூன்றையும் படத்தில் உள்ளபடி மாற்றினால் போதும்.

ரீசெட் செய்யும்போது பவர் கார்டைக் கட்டாயம் பிடுங்கி விடுங்கள். சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வைத்து மீண்டும் போடுங்கள். பல வருடம் ஆன பேட்டரி என்றால் புதிதே போட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் செட்டிங் மாறியதும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று முன்பே பார்த்து எழுதி வையுங்கள். கீ இல்லை என்றால் பைல்களைத் திறக்க வழியில்லை.

பூட் ஆன பிறகும் ஒரு வேலை

புது ராமில் விண்டோஸ் வந்துவிட்டது என்று உடனே வேலையில் இறங்காதீர்கள். பழுதான ராம் பூட் ஆகவும் செய்யும், நீங்கள் சேவ் செய்யும் பைலைச் சத்தமில்லாமல் கெடுக்கவும் செய்யும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் வசதியையும் பயன்படுத்தலாம். சோதனையின்போது எக்ஸ்.எம்.பி. போன்ற வேக செட்டிங் எதுவும் ஆனில் இருக்க வேண்டாம். அப்படியும் ஒரே ஒரு எரர் வந்தால்கூட அந்த ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன எல்லாம் செய்தும் முடியவில்லை, மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக் கொண்டு கொடுங்கள். திரை வருகிறதா என்று பார்க்க ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை. பார்மட் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், அந்த டிஸ்க்கை சாட்டா யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் பைல்களை எடுத்துவிடலாம். ராம் போனால் கடையில் வேறு வாங்கிக் கொள்ளலாம். உங்கள் குழந்தையின் போட்டோவையும், கடைக் கணக்கையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.