எஞ்சின் எண்ணெய் மிகைநுகர்வு

எஞ்சின் எண்ணெய் மிகைநுகர்வு என்பது, ஓர் உள்ளெரி எஞ்சின் தன் உயவு எண்ணெயை இயல்பான அளவைவிட விரைவாக எரித்து இழக்கும் நிலையைக் குறிக்கும். நெடுங்காலம் ஓடித் தேய்ந்த எஞ்சின்களில் இது எதிர்பார்க்கத்தக்கது. ஆயினும் 2000களின் பிற்பகுதி முதல், ஓரிரு ஆண்டுகளே ஓடிய மகிழுந்துகளிலும் இக்குறை பரவலாகப் பேசப்பட்டது. எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு எஞ்சின் வடிவமைப்பில் செய்யப்பட்ட சில மாற்றங்கள் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

எண்ணெய் குறைவது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும் நேரத்தில் எஞ்சினுக்குச் சேதம் தொடங்கியிருக்கக் கூடும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளிகளில் எண்ணெயை அளந்து பதிவு செய்வதே எஞ்சினையும் உத்தரவாத உரிமையையும் காக்கும் முதன்மையான வழியாகும்.

எண்ணெயின் பணியும் இயல்பான நுகர்வும்

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைத்தல், வெப்பத்தைக் கடத்துதல், கசடுகளைச் சுமந்து வடிகட்டியில் சேர்த்தல், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைத்தல் ஆகிய பணிகளைச் செய்கிறது. பல எஞ்சின்களில் டைமிங் சங்கிலியின் இறுக்கமும் வால்வுகளின் நேர மாற்றமும் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயக்கப்படுகின்றன.

பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று வளையங்கள் உள்ளன. மேலுள்ள இரண்டும் எரிவளியின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கும் அழுத்த வளையங்கள். மூன்றாவது எண்ணெய் வளையம். இது சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயை வழித்து, மிக மெல்லிய படலத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. வழித்த எண்ணெய் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே கீழிறங்கி எண்ணெய்த் தொட்டியைச் சேர்கிறது. சுவரில் எஞ்சும் படலத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு எரிதலின்போதும் எரிந்துபோகிறது. எனவே எண்ணெயே நுகராத எஞ்சின் என்று ஒன்று இல்லை. புதிய எஞ்சினில் வளையங்கள் சிலிண்டர் சுவருடன் படிந்து பொருந்தும் வரை, முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களுக்கு நுகர்வு சற்று மிகுந்து காணப்படுவதும் இயல்பே.

அளவும் வரம்பும்

எவ்வளவு நுகர்வு மிகையானது என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரம்பு இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வரம்பை வகுத்துள்ளனர். ஐரோப்பிய மகிழுந்துகள் சிலவற்றின் கையேடுகள் 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரையிலான நுகர்வை ஏற்கத்தக்கதெனக் கூறுகின்றன. அமெரிக்காவில் அடிக்கடி எடுத்தாளப்படும் வரம்பு 1,200 மைலுக்கு 1 குவார்ட்டு. இது ஏறத்தாழ 1,930 கி.மீ.க்கு 0.95 லிட்டர், அதாவது முன்சொன்ன அளவுக்குச் சமமானது.

இவ்வரம்பின் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வீதம் நுகரும் எஞ்சின், 10,000 கி.மீ. எண்ணெய் மாற்ற இடைவெளிக்குள் 5 லிட்டரை இழக்கும். பல மகிழுந்துகளின் எண்ணெய்த் தொட்டி கொள்ளும் மொத்த அளவே 3.5 முதல் 5 லிட்டர்தான். ஆகவே தயாரிப்பாளரின் வரம்புக்குள் அடங்கிய வாகனம்கூட, இடையில் எண்ணெய் ஊற்றாவிடின் அடுத்த பராமரிப்புக்கு முன்பே பழுதடையக் கூடும். வரம்பு என்பது பழுதுநீக்கும் செலவைத் தயாரிப்பாளர் ஏற்கும் எல்லையே அன்றி, எஞ்சினுக்குத் தீங்கு நேராத எல்லை அன்று.

காரணங்கள்

எண்ணெய் குறைவதை முதலில் இரு வகையாகப் பிரிக்க வேண்டும்: வெளியே கசிதல், உள்ளே எரிதல். கேஸ்கட், ஆயில் சீல், வடிகட்டியின் இருக்கை, வடிதிருகு ஆகியவற்றின் வழியே கசிவு ஏற்படலாம். உள்ளே எரிவதற்கான பொதுவான காரணங்கள் வருமாறு:

- எண்ணெய் வளையம் ஒட்டிக்கொள்ளுதல்: எண்ணெய் கருகி உண்டாகும் கரிப்படிவு வளையத்தை அதன் பள்ளத்தில் பிடித்துக்கொள்கிறது, பிஸ்டனின் வடிதுளைகளையும் அடைக்கிறது. வளையம் சுவரை வழிக்கும் திறனை இழக்கிறது.
- வால்வுத் தண்டின் சீல் கெடுதல்: நிறுத்தி வைத்த நேரத்தில் எண்ணெய் மேலிருந்து சொட்டி எரியறைக்குள் இறங்குகிறது.
- கிராங்க் பெட்டிக் காற்றோட்ட வால்வு பழுதாதல்: பணிமனைகளில் பி.சி.வி. வால்வு எனப்படும் இது பழுதானால், எண்ணெய் ஆவியும் துளிகளும் உள்ளிழுக்கும் குழாய்க்குள் மிகுதியாகச் செல்கின்றன.
- டர்போசார்ஜரின் சீல் தேய்தல்: எண்ணெய் உள்ளிழுக்கும் காற்றிலோ புகைக்குழாயிலோ கலக்கிறது.
- எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுதல்: சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்கிறது, நுரை காற்றோட்டக் குழாய் வழியே எரியறையை அடைகிறது.
- எண்ணெய் ஆவியாதல்: இப்பண்பை அளக்க நோவாக் சோதனை பயன்படுகிறது. இதில் எண்ணெய் 250 பாகை செல்சியசில் 1 மணி நேரம் வைக்கப்பட்டு, அதன் எடையிழப்பு கணக்கிடப்படுகிறது. ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-6 தரம் இவ்விழப்பு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என வரையறுக்கிறது.

புதிய எஞ்சின்களில் ஏற்படுவதேன்

பிஸ்டன் வளையங்களின் உராய்வு எஞ்சினின் மொத்த உராய்வில் கணிசமான பங்கு வகிக்கிறது. எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில், சுவரை முன்பைவிட மென்மையாக அழுத்தும் குறைந்த இழுவிசை வளையங்கள் பயன்படுத்தப்பட்டன. சிறிது கரி படிந்தாலும் இத்தகைய வளையங்கள் எளிதில் செயலிழக்கின்றன. அதே நோக்கில் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய எண்ணெய்களும் புழக்கத்துக்கு வந்தன.

சிறிய கொள்ளளவில் மிகுந்த ஆற்றல் தரும் டர்போ எஞ்சின்களில் பிஸ்டனின் வெப்பநிலை உயர்வாக இருப்பதால் எண்ணெய் விரைவில் கருகுகிறது. எண்ணெய் மாற்ற இடைவெளி நீட்டிக்கப்பட்டதால் பழைய எண்ணெயின் தூய்மையாக்கும் ஆற்றல் குறைந்து படிவு பெருகுகிறது. குறைந்த சுமையில் சில சிலிண்டர்களை மட்டும் செயலற்றதாக்கும் எஞ்சின்கள் சிலவற்றில், அச்சிலிண்டர்களில் எண்ணெய் சேர்ந்து ஸ்பார்க் பிளக்குகளை மாசுபடுத்துவதும் உண்டு.

அறிகுறிகள்

- குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் சிறிது நேரம் நீலப்புகை வருதல்: வால்வுத் தண்டு சீல் ஐயத்துக்குரியது.
- வேகத்தைக் கூட்டும்போது தொடர்ந்து நீலப்புகை வருதல்: பிஸ்டன் வளையங்கள் ஐயத்துக்குரியவை.
- சரிவில் கால் எடுத்து இறங்கியபின் மீண்டும் முடுக்கும்போது புகை வருதல்: வால்வு சீலோ எண்ணெய் வளையமோ காரணமாகலாம்.
- ஸ்பார்க் பிளக்கின் முனையில் எண்ணெய்ப் பசையுள்ள கரும்படிவு காணப்படுதல்.

புகை தெரியாதிருப்பது குறையின்மைக்குச் சான்றாகாது. புதிய வாகனங்களில் வினையூக்கி மாற்றி எண்ணெய்ப் புகையின் பெரும்பகுதியை எரித்துவிடுவதால், கணிசமான நுகர்வும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

எண்ணெய்க்குடம் போன்ற வடிவுடைய சிவப்பு விளக்கு பெரும்பாலான வாகனங்களில் எண்ணெயின் அழுத்தத்தையே காட்டுகிறது, அளவை அன்று. எண்ணெய் மிகக் குறைந்து இறைப்பான் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகே அவ்விளக்கு எரியும். அவ்வேளையில் எஞ்சினை உடனே நிறுத்துவது இன்றியமையாதது. சில வாகனங்களில் மஞ்சள் நிற அளவு விளக்கு தனியாக உள்ளது.

விளைவுகள்

எண்ணெய் குறைந்தால் எஞ்சியுள்ள எண்ணெய் மிகைவெப்பமடைந்து விரைவில் கெடுகிறது. திருப்பங்களிலும் சரிவுகளிலும் இறைப்பான் காற்றை உறிஞ்சலாம். கிராங்க் தண்டின் பேரிங்குகள், கேம் தண்டு, டைமிங் சங்கிலியின் இறுக்கி, டர்போசார்ஜர் ஆகியன முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளாகும். இறுதியில் எஞ்சின் முற்றிலும் இறுகி நின்றுவிடலாம்.

எரிந்த எண்ணெயும் தீங்கு செய்கிறது. தேய்மானத்தைத் தடுக்க எண்ணெயில் சேர்க்கப்படும் பாசுபரசு, வினையூக்கி மாற்றியின் செயற்பரப்பை மூடி அதன் திறனைக் குறைக்கிறது. டீசல் வாகனங்களில், எண்ணெயின் சாம்பல் துகள் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. கரியைப்போல் இதை எரித்து நீக்க இயலாது.

நுகர்வை அளவிடும் முறை

1. வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, கையேடு கூறும் வெப்பநிலையில் எஞ்சினை அணைத்து, எண்ணெய் தொட்டிக்கு இறங்கச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.
2. டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக்குச்சியைத் துடைத்து, முழுதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெயை மேற்குறி வரை நிரப்பி, ஓடிய தொலைவையும் நாளையும் குறிக்க வேண்டும்.
3. தொடக்கத்தில் 500 கி.மீ.க்கு ஒருமுறையும், நுகர்வின் வேகம் தெரிந்தபின் 1,000 கி.மீ.க்கு ஒருமுறையும் அதே நிலையில் அளக்க வேண்டும்.
4. ஊற்றும் எண்ணெயை அளவுக்குவளையால் அளந்து, மில்லிலிட்டரில் பதிய வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணுதல் வேண்டும்.
5. ஊற்றிய மொத்த அளவை ஓடிய தொலைவால் வகுத்து, 1,000 கி.மீ.க்கான நுகர்வைக் கணக்கிட வேண்டும்.

பல மகிழுந்துகளில் அளவுக்குச்சியின் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ 1 லிட்டர் ஆகும். சில புதிய வாகனங்களில் அளவுக்குச்சியே இல்லை; அவற்றில் மின்னணு உணரி காட்டும் அளவைத் திரையில் பார்த்துப் பதிய வேண்டும்.

குறுந்தொலைவுப் பயணங்களில் எரியாத எரிபொருள் எண்ணெயில் கலந்து இழப்பை மறைக்கக் கூடும் என்பது கவனிக்கத்தக்கது. நகருக்குள் மாதக்கணக்கில் குறையாத அளவு, ஒரே நெடும்பயணத்தில் சட்டெனக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது கலந்த எரிபொருள் ஆவியாகி வெளியேறி விடுகிறது. எனவே நெடும்பயணத்துக்கு முன்னும் பின்னும் அளப்பது பயன்தரும்.

முகவர் பணிமனையில் நடத்தப்படும் நுகர்வுச் சோதனையும் இவ்வாறானதே. எண்ணெயை மாற்றி, வடிதிருகு முதலியவற்றுக்கு அடையாளமிட்டு, வரையறுத்த தொலைவு ஓடிய பின் மீண்டும் அளப்பர். உரிமையாளரின் பதிவுகள் இச்சோதனையைக் கோருவதற்கு வலுவான அடிப்படையாக அமைகின்றன.

தீர்வுகள்

செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் கசிவு உள்ளதா எனப் பார்த்து, காற்றோட்ட வால்வைச் சோதித்து, கையேடு குறிப்பிடும் தரமும் பிசுப்புமையும் கொண்ட எண்ணெயே உள்ளதா என உறுதி செய்ய வேண்டும். மாற்றும் இடைவெளியைக் குறைத்தல் படிவு மேலும் பெருகுவதைத் தடுக்க உதவும். கையேடு அனுமதித்தால் சற்றுத் தடித்த எண்ணெயைப் பயன்படுத்தலாம். அனுமதிக்காத எண்ணெய் உத்தரவாதத்தைக் கோருவதில் சிக்கலை உண்டாக்கலாம்.

அடுத்து அழுத்தச் சோதனை, கசிவழுத்தச் சோதனை, நுண்காமிராவால் சிலிண்டரைப் பார்த்தல் ஆகியன செய்யப்படுகின்றன. அழுத்த வளையங்கள் நன்றாயிருந்து எண்ணெய் வளையம் மட்டும் ஒட்டியிருந்தால் அழுத்தச் சோதனையின் முடிவு இயல்பாகவே இருக்கும். ஆகவே அம்முடிவை மட்டும் கொண்டு வளையங்களில் குறையில்லை என முடிவு செய்தல் கூடாது.

கரியைக் கரைக்கும் வேதிநீர்மங்களால் ஒட்டிய வளையங்கள் சில வேளைகளில் விடுபடுகின்றன. எனினும் இது உறுதியான தீர்வன்று. நிலையான தீர்வு பழுதுக்கு ஏற்ப வால்வு சீல்களையோ, பிஸ்டனையும் வளையங்களையுமோ, எஞ்சினின் அடிப்பகுதி முழுவதையுமோ மாற்றுவதாகும். இவற்றுள் பின்னிரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை.

உத்தரவாதமும் வழக்குகளும்

டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின் கொண்ட, 2007–2009 கேம்ரி உள்ளிட்ட சில வாகனங்களுக்கு, 2010களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் அமெரிக்காவில் உத்தரவாதத்தை நீட்டித்தது. 1,200 மைலுக்கு 1 குவார்ட்டு என்ற அளவுகோலால் சோதித்து, அதை மீறியவற்றில் பிஸ்டன்களும் வளையங்களும் மாற்றப்பட்டன. இந்நீட்டிப்பு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் (ஏறத்தாழ 2,41,000 கி.மீ.) வரையிலானது.

சுபாரு நிறுவனத்தின் 2.0, 2.5 லிட்டர் எஞ்சின்கள் தொடர்பாக 2014இல் அமெரிக்காவின் நியூ செர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் குழு வழக்கு தொடரப்பட்டது. 2011–2014 பாரஸ்டர் முதலியவற்றை உள்ளடக்கிய இவ்வழக்கு 2016இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி எண்ணெய் நுகர்வு தொடர்பான உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்பதிலிருந்து 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக உயர்த்தப்பட்டது.

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆடி, பி.எம்.டபிள்யூ., சுபாரு ஆகியவற்றின் சில எஞ்சின்களில் இடைவெளியில் எண்ணெய் ஊற்றும் தேவை மிகுந்திருப்பதைச் சுட்டியது. பெரும்பாலான புதிய வாகனங்களுக்கு இத்தேவையே எழாத நிலையில், இதனை இயல்பெனக் கூறுவது பொருந்தாது என அவ்வமைப்பு வாதிட்டது.

இத்தகைய உரிமைகள் யாவும் காலத்தாலும் ஓடிய தொலைவாலும் வரையறுக்கப்பட்டவை. உத்தரவாதம் நடப்பிலுள்ள காலத்தில் முறையிட்டு, முகவரிடமிருந்து தேதியிட்ட பணிச்சீட்டைப் பெற்று வைப்பது இன்றியமையாதது. குறை அப்போதே இருந்தது என்பதைப் பின்னாளில் மெய்ப்பிக்க அப்பணிச்சீட்டும், எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகளும், அளவுப் பதிவேடுமே சான்றுகளாகின்றன.