சவுத்தாலின் நீல முக்கோணம்

சவுத்தால் வின்ட்மில் வீதியால் போய்வரும் எம்மவர்களுக்கு 'மூன்று பாலங்கள்' நன்கு தெரிந்திருக்கும். அடியில் ரயில் பாதை, அதற்கு மேலே கால்வாய், எல்லாவற்றுக்கும் மேலே வீதி. பொறியியலாளர் புரூனல் 1859இல் இறக்குமுன் செய்த கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று. அதன் அயலில்தான் ஒரு காலத்தில் ஏ.ஈ.சி. என்ற பெரிய பஸ் தொழிற்சாலை இருந்தது. அதன் சின்னம் ஒரு நீல முக்கோணம்.

கார் கம்பனிகளின் சின்னங்களில் சிங்கம் நிற்கும், குதிரை பாயும். இந்த முக்கோணத்தில் அப்படி மிருகம் ஒன்றும் இல்லை. மூன்று எழுத்துக்கு மூன்று பக்கம் என்று நாமே பொருள் சொல்லிக்கொள்ளலாம். 1912இல் தொடங்கியபோது இந்தக் கம்பனியும் பாதாள ரயிலும் ஒரே குழுமத்தின் பிள்ளைகள். ரயிலுக்குச் சிவப்பு வட்டமும் நீலப் பட்டையும் அமைந்தன. பஸ் செய்தவர்களுக்கு முக்கோணம் வாய்த்தது. 'இலண்டன் பஸ்களைக் கட்டுபவர்கள்' என்பதே அவர்களுடைய விளம்பர வாசகம். அது வெறும் பெருமையல்ல. 1927இல் சவுத்தாலுக்கு வந்த பின்னர், உலகறிந்த 'ரூட்மாஸ்டர்' இரட்டைத்தட்டு பஸ்ஸின் இயந்திரப் பாகங்கள் இங்கேதான் உருவாகின. அப்படி 2,876 பஸ்கள்!

இதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. 1958 ஜனவரியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலண்டனில் ஓடிக் கழித்த 'ஆர்.ரி.' ரக இரட்டைத்தட்டு பஸ்களை அது நூற்றுக்கணக்கில் வாங்கியது. அவற்றில் ஏ.ஈ.சி.யும் இருந்தது, லேலண்டும் இருந்தது. இங்கே கழித்தது அங்கே வருடக்கணக்காக ஓடியது. நாம் சவுத்தாலுக்கு வருமுன்பே சவுத்தால் கொழும்புக்கு வந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

1962இல் ஏ.ஈ.சி. அதன் போட்டியாளரான லேலண்டுடன் இணைக்கப்பட்டது. இணைப்பு என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். 1979இல் சவுத்தால் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலையும் போயிற்று, முக்கோணமும் போயிற்று. ஆனால் லேலண்டும் தப்பவில்லை. இந்நாட்டில் இன்று புதிய லேலண்ட் பஸ் எதுவும் செய்யப்படுவதில்லை. அந்தப் பெயர் பஸ்களில் வாழ்வது தமிழ்நாட்டில், சென்னை எண்ணூரின் அசோக் லேலண்டில். இலங்கையிலும் 1982இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கப்பட்டது.

அந்தப் பழைய இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதியாகவோ நடத்துனராகவோ வேலை செய்த பெரியவர்கள் எம்மிடையே இருக்கலாம். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பினால், அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்குவோம்.