மோட்டார் வண்டி ஸ்டீரியோவின் மின்வழிக் கோளாறுகள்

அலுவலக ஜீப்பிலோ பள்ளிப் பேருந்திலோ பொருத்திய ஸ்டீரியோ பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டால், பழி உடனே பெட்டியின் மீதோ பாட்டரியின் மீதோ சுமத்தப்படுகிறது. உண்மையில் குற்றம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கம்பிகளிலும் இணைப்புகளிலுமே ஒளிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் பயணம் செய்துவந்த ஜீப் ஒன்றில் பாட்டு மெல்லிய ஒலியில் தடையின்றிக் கேட்டது. ஒலியைக் கூட்டியவுடன் பெட்டி அணைந்து, சிறிது நேரத்தில் தானாகவே உயிர்பெற்றது. கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி மீட்டரால் அளந்தபோது 12.5 வோல்ட் காட்டிற்று. மின்சாரம் குறைவின்றி வருகிறது என்று முடிவு கட்டி, பெட்டியை மாற்றினோம்; பயனில்லை. பிறகு பாட்டரியையும் மாற்றினோம், அதிலும் பயனில்லை. இறுதியில், கறுப்புக் கம்பியை வண்டியின் உடலோடு இறுக்கியிருந்த திருகின் கீழ்ப் பெயிண்ட் சுரண்டப்படாமலே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உப்புத்தாள் ஒரு துண்டால் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்திற்கு ஒரு பாட்டரியின் விலை வீணாயிற்று.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான கேள்வியைக் கேட்டோம். இக்காலத்து டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதனூடே ஓடுவது ஓர் ஆம்பியரில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே. வழியில் அரை ஓம் தடையுள்ள கெட்ட இணைப்பு ஒன்று இருந்தாலும், இத்துணைச் சிறிய மின்னோட்டத்தில் அங்கே அழுத்தம் குறைவதில்லை. பெட்டி மெல்லப் பாடும்போது ஓர் ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் குறையும். அதனைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும். உரக்கப் பாடும்போது 8 ஆம்பியர் இழுக்க முற்பட்டால் 4 வோல்ட் அந்த ஒரு திருகிலேயே போய்விடும். எஞ்சிய எட்டரை வோல்ட்டில் பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது.

ஆகவே சுமை ஏற்றப்பட்ட நிலையிலேயே அளத்தல் வேண்டும். பெட்டி அணைந்துவிடுமாயின், அதற்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதே கம்பிகளுக்கிடையே இணைக்கலாம். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவு இழுக்கும். பல்பு எரிந்துகொண்டிருக்கையில், மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைத் தண்டிலும், மறு முனையைக் கறுப்புக் கம்பியின் நுனியிலும் வைக்க வேண்டும். அளவு சுழிக்கு அருகில் இருந்தால் எர்த் நன்று. மேற்சொன்ன ஜீப்பில் இச்சோதனையைச் செய்திருந்தால் 0.8 வோல்ட் அளவு காட்டியிருக்கும். இதேபோல் நேர்முனைத் தண்டிலிருந்து பல்பின் நேர்ப்பக்கம் வரையும் அளக்கலாம். மீட்டரைக் கிளிப்பின் மேல் வைக்காமல் ஈயத் தண்டின் மேலேயே வைப்பது அவசியம். இல்லையேல் கிளிப்பிற்கும் தண்டிற்கும் இடையே பூத்திருக்கும் வெண்படிவம் கணக்கில் வராது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். பாட்டரிக்கும் பல்புக்கும் இடையே ஒரு பென்சில் ஊசியைச் சேர்க்க வேண்டும். பல்பின்றி மீட்டர் மட்டும் இருக்கையில் முழு வோல்ட்டும் தெரியும். பல்பை இணைத்ததும் ஒளி மங்கும். ஊசி விரைவில் சூடேறும். சில விநாடிகளுக்கு மேல் வைத்தலாகாது. கெட்ட இணைப்பில் பிளாஸ்டிக் கருகுவது ஏன் என்பதும் மாணவர்க்கு அங்கேயே விளங்கிவிடும்.

பெட்டிக்கு வரும் கம்பிகளுள் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ளது. நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைத்திருப்பது அதனால்தான். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர்பெறுவது. சாவியை எடுக்குந்தோறும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுமாயின், இவ்விரண்டும் இடம் மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். சில கம்பெனிகளின் வண்டிகளில் பிளக்கிலேயே இவை மாறியிருப்பதுண்டு. சிலர் இதற்குப் பரிகாரமாக இரண்டையும் முறுக்கி மஞ்சளோடு சேர்த்துவிடுகின்றனர். பெட்டி பாடும், ஆனால் அணைக்க மறந்தால் இரவு முழுதும் மின்சாரம் கசியும். அரை ஆம்பியர் கசிந்தாலும் 35 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்று நாளுக்குள் ஒழிந்துபோகும். திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்பாததன் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதனிடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுவோரும் உளர். ஃபியூஸ் பெட்டியைக் காப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. டாஷ்போர்டின் பின்னால் செல்லும் கம்பி எரியாமல் காப்பதே அதன் முதற் கடமை. கம்பி எங்கே உரசி உடலைத் தொடுகிறது என்று தேடாமல் 10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும் தீயை அழைப்பதேயாகும். பாட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்தால் பாட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் அமைதல் வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டிகளில் ஸ்டீரிங்கின் கீழுள்ள மஞ்சள் நிறப் பிளக்குகளில் சோதனை விளக்கைத் தொடவிடுதல் கூடவே கூடாது. பை வெடித்து விரிந்துவிடலாம்.

பேருந்துகள், லாரிகள் பலவற்றில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் பெட்டிக்கு மின்சாரம் எடுப்பது எங்கும் காணப்படும் வழக்கம். பெட்டி நன்றாகவே பாடும். ஆனால் அந்தப் பாட்டரி நாள்தோறும் குறைப்பட, மற்றொன்று மிகைச் சார்ஜ் ஏறி நீர் வற்றும். சில மாதங்களில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்துவதே இங்கு முறை. அதன் விலை அவ்வளவு பெரிதன்று.