எறிந்த பெட்டிக்குள் முப்பதாயிரம் துடிப்பு

ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கொழும்பில் மின்னணுச் சாமான் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் தெரு அது. தடையி, கொள்ளளவி, எல்.ஈ.டி., சின்ன மோட்டார் எல்லாம் அங்கே சில்லறையாகக் கிடைக்கும். ஆனால் உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் ஒரு பிள்ளை அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனதும் தேடுவது வேறொன்றை. அசையாத 5 வோல்ற்றும் 12 வோல்ற்றும் எங்கிருந்து வரும்? பற்றரி வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆய்வுகூடத்தில் வைக்கும் பவர் சப்ளை இறக்குமதிச் சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய பிறகு, அப்படியொன்றை வாங்கிக்கொடு என்று வீட்டில் கேட்கவே பல பிள்ளைகளுக்கு மனம் வராது.

அந்தப் பிள்ளைக்குத் தேவையான பொருள் பெரும்பாலும் அதே வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பழைய மேசைக் கணினியில் முதலில் சாவது தாய்ப்பலகையாக இருக்கும், அல்லது வன்தட்டாக இருக்கும். பின்பக்கத்தில் விசிறியோடு இருக்கும் அந்தத் தகரப் பெட்டி, அதாவது கணினியின் பவர் சப்ளை, பல தடவை நல்ல நிலையிலேயே இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது தகரத்தின் விலையும் செம்பின் விலையும்தான். எனக்கு இது மனத்தை உறுத்தும் விடயம். சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் மிக நுட்பமான இயந்திரங்களில் அந்தப் பெட்டியும் ஒன்று.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். மொத்தம் 300 வாற், 12 வோல்ற் வழியில் 15 அம்பியர் என்ற மாதிரி எழுதியிருக்கும். பிறகு பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இராது. பழைய வானொலிகளிலும் அம்பிளிபயர்களிலும் இருக்கும் இரும்பு நிலைமாற்றியால் இதே 300 வாற்றைக் கொடுப்பதென்றால் அந்த நிலைமாற்றி மட்டுமே மூன்று நான்கு கிலோ நிறுக்கும். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் நிலைமாற்றியோ உள்ளங்கையில் அடங்கிவிடும்.

காரணம் அதிர்வெண். நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று ஓடும் ஆடலோட்டம். நிலைமாற்றியின் அகணி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு சக்தியை வாங்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கிறது. செக்கனுக்கு 50 சுற்றுத்தான் என்றால் ஒவ்வொரு பங்கும் பெரிதாக இருக்க வேண்டும்; அதைத் தாங்க அகணியும் பெரிதாக வேண்டும். புறக்கோட்டையில் நாட்டாமிமார் மூடை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: சில நடைகளில் முடிக்க வேண்டிய சரக்குக்குப் பெரிய வண்டி வேண்டும், அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான நடை ஓட முடியுமானால் கைப்பை போதும். கணினியின் பவர் சப்ளை ஓடுவது அந்த இரண்டாவது வழியில். பழைய பெட்டிகளில் செக்கனுக்கு 30,000 தடவைக்கு மேல் மின்சாரம் வெட்டப்படுகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால் அந்த வேலை நமக்குக் கேட்பதில்லை. இரும்பு நிலைமாற்றி மட்டும் செக்கனுக்கு 100 அதிர்வோடு உறுமிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு வேகத்தில் இரும்புத் தகட்டு அகணி தாங்காது. அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் பிறந்து சூடாகிவிடும். இரும்பைப் போலக் காந்தமாகவும் பீங்கானைப் போல மின்சாரத்தைத் தடுப்பதாகவும் ஒரு பொருள் வேண்டும். 1930இல் தோக்கியோவில் யோகோரோ காட்டோ, தக்கேஷி தக்கேய் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படியொரு பொருளை உருவாக்கினார்கள். இரும்பு ஒட்சைட்டோடு வேறு உலோக ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சுட்டெடுத்த அந்தக் கருமையான பொருள்தான் ஃபெரைற். அதை விற்பதற்காக 1935இல் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் ஒலிநாடாக்களால் நம் வீடுகளுக்குள் வந்த ரி.டி.கே. ஃபெரைற்றும், வேகமாக வெட்டக்கூடிய திரான்சிஸ்டரும் மலிவான பிறகுதான் இந்த முறை மேசைக் கணினிக்குள் வந்தது. 1977இல் வந்த அப்பிள் 2 கணினிக்காக ரொட் ஹோல்ற் வடிவமைத்த பவர் சப்ளை இந்த வகை. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்கு 63.5 வாற் போதுமாயிருந்தது. இன்று நம் கைக்குக் கிடைக்கும் பெட்டிகளின் அளவும் கம்பி நிறங்களும் 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறையிலிருந்து வந்தவை.

வெட்டுவதற்கு முன் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் ஆடலோட்டம் முதலில் நேரோட்டமாக மாற்றப்படுகிறது. 230 என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ற். அந்த 325 வோல்ற்றும் இரண்டு பெரிய கொள்ளளவிகளில் சேமிக்கப்படுகிறது. 470 மைக்ரோபரட் கொள்ளளவி இரண்டு தொடராக இருந்தால் அவற்றில் தங்கும் சக்தி ஏறத்தாழ 12 ஜூல். நெஞ்சுக்குக் குறுக்கே பாய்ந்தால் அது விளையாட்டல்ல. பிளக்கைக் கழற்றிய பின்னும் அது வடிய நேரம் எடுக்கும். வடிக்கும் தடையி பழுதானால் வடியாமலே இருக்கும்.

ஆகவே என் கருத்து திட்டவட்டமானது: கற்றுக்குட்டிகள் இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. தகரத்தைத் துளைத்து முனைகளைப் பொருத்தும் அழகான படங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவை தேவையில்லை. நமக்கு வேண்டிய கம்பிகள் எல்லாம் ஏற்கெனவே வெளியேதான் தொங்குகின்றன. 24 முனைச் செருகியை அப்படியே மாட்டக்கூடிய சிறு பலகைகள், பியூஸோடும் திருகு முனைகளோடும் விற்பனைக்கு வருகின்றன. அப்படியொன்றை மாட்டினால் பெட்டி மூடியபடியே மேசைக்கு வந்துவிடும். பின்பக்கத்தில் 115, 230 என்று தள்ளும் சிவப்பு ஆளி இருக்குமானால், பிளக்கைப் போடுவதற்கு முன் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் இருந்தால் உள்ளே வோல்ற்றளவு இரட்டிக்கப்பட்டுக் கொள்ளளவிகள் வெடிக்கும்.

மேசைக்கு வந்த பெட்டியைப் போட்டதும் ஒன்றும் நடக்காது. விசிறியும் சுழலாது. பலர் இந்த இடத்திலேயே அது செத்துவிட்டதென்று எறிந்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டி உத்தரவுக்காகக் காத்திருக்கிறது. ஊதாக் கம்பியில் மட்டும் 5 வோல்ற் எப்போதும் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகை விழித்திருப்பதற்கான சிறு ஊட்டம் அது. கணினியின் பொத்தானை அழுத்தும்போது தாய்ப்பலகை செய்வது பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்ப்பது மட்டுமே. நாமும் அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன ஆளியைப் போட்டால் போதும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வோல்ற் வந்துவிடும். நீலத்தில் கழித்தல் 12 இருக்கும், ஆனால் ஒரு அம்பியர்கூட எதிர்பார்க்க முடியாது. சாம்பல் நிறக் கம்பி, எல்லா வோல்ற்றளவும் நிலைபெற்ற பின்தான் 5 வோல்ற்றுக்கு எழும். அதில் தடையியோடு ஒரு எல்.ஈ.டி. போட்டால், பெட்டி தன்னைத் தானே சோதித்துத் தேறியதும் விளக்கு எரியும்.

தன்னைத் தானே கவனிக்கும் இந்தக் குணம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. பழைய பெட்டிகளில் ரி.எல். 494 என்ற சில்லு வெளியேறும் வோல்ற்றளவை இடைவிடாமல் அளந்து, ஒவ்வொரு துடிப்பையும் சற்று நீட்டும் அல்லது குறுக்கும். திரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும். இடைநிலையில் நின்று சக்தியைச் சூடாக எரிப்பதில்லை. 12 வோல்ற்றிலிருந்து 5 வோல்ற்றில் 10 அம்பியரைப் பழைய நேர்கோட்டு முறையில் எடுத்தால் 70 வாற் வெறும் சூடாகப் போயிருக்கும். அதோடு, 325 வோல்ற் பக்கத்துக்கும் நாம் தொடும் பக்கத்துக்கும் இடையில் சக்தி போவது காந்தப்புலத்தின் வழியாக மட்டுமே. கம்பி எதுவும் அந்த இடைவெளியைக் கடப்பதில்லை.

இதே கவனிப்பு, பழைய பெட்டியோடு வேலை செய்பவரைக் குழப்பவும் செய்யும். 12 வோல்ற்றில் ஒரு மோட்டாரை மாட்டினால் மீற்றர் 11.3 காட்டும், வேறு ஒன்றையும் மாட்டாத சிவப்புக் கம்பியில் 5.3 இருக்கும். அனுமதிக்கப்பட்ட விலகல் ஐந்து வீதம்தான். பழுது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலக் கணினிகள் 5 வோல்ற்றிலேயே அதிகம் உழைத்தன. அதனால் சில்லு இரண்டு வழிகளையும் கலந்துதான் பார்க்கிறது, இரண்டுக்கும் ஒரே துடிப்பைத்தான் கொடுக்கிறது. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் எழும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம், 10 வாற் பீங்கான் தடையி ஒன்றைப் போட்டால் அது இரண்டரை வாற்றை உறிஞ்சி, 5 வோல்ற் வழியிலும் வேலை நடப்பதாகக் காட்டும். பெட்டி ஓரளவு சமநிலைக்கு வரும். தடையி நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டாம். புதிய பெட்டிகள் பல 12 வோல்ற்றை மட்டும் உருவாக்கி மற்றதை அதிலிருந்து தனியாக இறக்குவதால் அவற்றுக்கு இது தேவையில்லை.

இந்தப் பெட்டியின் பெருங்குணமே அதன் பெருங்குறையும். 15 அம்பியர் கொடுக்கக்கூடிய ஒன்று, தவறாகத் தொடுத்த சின்னச் சுற்றுக்கும் 15 அம்பியரைத் தயங்காமல் கொடுக்கும். நேரடிக் குறுக்குச் சுற்றென்றால் உடனே அணைந்துவிடும். அரைகுறைத் தவறென்றால் கம்பியின் உறை உருகும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் இரண்டு மூன்று அம்பியர் பியூஸ் போடாமல் ஒரு பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கவே கூடாது. வேறு வோல்ற்றளவுகள் வேண்டுமென்றால் எல்.எம். 2596 சில்லு உள்ள சிறு பலகை ஒன்றை 12 வோல்ற்றில் மாட்டித் திருகிக்கொள்ளலாம். கார் பற்றரியைச் சார்ஜ் பண்ண இது உதவாது. நன்கு சார்ஜ் ஆன பற்றரி ஓய்வில் இருக்கும்போதே 12.7 வோல்ற் இருக்கும். 12 வோல்ற் அதற்குள் போகாது.

ஏர்த் விடயத்தில் கொழும்பின் பழைய வீடுகளில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கணினியின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம் வருவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். பெட்டியின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் இரு சிறு கொள்ளளவிகள் தகரத்தோடு இணைந்திருக்கின்றன. சுவரில் மூன்று துளை இருந்தும் ஏர்த் கம்பி எங்கும் போகவில்லையென்றால், தகரம் மின்வழங்கலின் பாதி வோல்ற்றளவுக்கு மிதக்கும். ஓட்டம் மிகச் சிறியது, ஆனால் ஏர்த் இல்லை என்பதற்கு அது சாட்சி. முதலில் அதையும் ட்ரிப் சுவிட்சையும் மின்பணியாளர் ஒருவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். கறுப்புக் கம்பிகள் எல்லாம் இதே தகரத்தோடும் ஏர்த்தோடும் இணைந்தவை. அதனால் இரண்டு பெட்டிகளைத் தொடராக மாட்டி 24 வோல்ற் எடுக்க முடியாது. ஏர்த் வழியாக ஒன்றின் வெளியீடு குறுக்காகிவிடும்.

இந்தப் பெட்டிகளுக்கு மறுவாழ்வு கொடுப்பதில் உலகெங்கும் முன்னோடிகளாக இருந்தவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் அடக்கம். இலங்கையில் அவர்களுடைய சங்கம் 1950 முதல் இயங்குகிறது. அழைப்புக் குறிகள் 4எஸ்7 என்று தொடங்கும். 2004 டிசம்பரில் சுனாமி தொலைபேசிகளை அறுத்தபோது, விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் அம்பாந்தோட்டையைச் சிற்றலையில் கொழும்போடு இணைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தும் 100 வாற் கருவிகள் பொதுவாக 13.8 வோல்ற்றில் ஏறத்தாழ 20 அம்பியர் கேட்பவை. அதற்கென்று விற்கும் பவர் சப்ளை விலை கூடியது. ஆகவே பெட்டியைத் திறக்கும் தகுதியுள்ளவர்கள், சில்லு வோல்ற்றளவை அளக்கும் பாதையில் ஒரு தடையியின் பெறுமானத்தை மாற்றி, 12இல் நின்றதை 13.8க்கு உயர்த்துகிறார்கள். காவல் சுற்று இந்த உயர்வைக் கோளாறென்று எண்ணி அணைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வானொலியைப் போட்டால் வேறொரு விருந்தாளி காத்திருப்பார். முப்பதாயிரம் தடவை வெட்டும் அந்தத் துடிப்பின் மடங்குகள் சிற்றலை எங்கும், முப்பது முப்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில், மெல்லிய விசில்களாக வரிசைகட்டி நிற்கும். மலிவான பெட்டிகளில் இது அதிகம்; விலை குறைக்க உள்ளீட்டு வடிகட்டியையே விட்டுவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். அதற்கு மருந்து, மின்கம்பியையும் வெளியீட்டுக் கம்பியையும் ஒரு ஃபெரைற் வளையத்துக்குள் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிடுவது. வளையத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை. உண்மையாகவே செத்துப்போன, நாட்கணக்கில் பிளக்கில்லாமல் கிடந்து கொள்ளளவிகள் வடிந்ததை மீற்றரில் உறுதிப்படுத்திய இன்னொரு தரமான பெட்டியின் உள்ளீட்டு வடிகட்டியில் அது இருக்கும்.