தடைப்பட்டியலுக்கு வெளியே பத்து வாரங்கள்

பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டு நாய் இனங்களைப் புதிதாக வாங்கி வளர்க்கச் சென்னையில் இனி உரிமம் கிடையாது. 2025 டிசம்பரில் மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அது. மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். இதற்கு முன் இரண்டு கொடுமைகள் நடந்திருந்தன. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சென்னையின் தடை அதைவிடக் குறுகியது, அதனாலேயே அலசிப் பார்க்கத் தகுந்தது.

இனம் ஒரு பொருட்டே இல்லை என்பது உண்மையல்ல. கவ்விய பிடியை விடாமல் உலுக்கும் பழக்கம் சில இனங்களில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது. நாற்பது கிலோ நாய் அப்படிக் கடித்தால் காயம் ஆழமாகத்தான் இருக்கும். ஆனால் பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்று பரவும் செய்தி பொய். அந்த எலும்பிலும் தசையிலும் பூட்டு எதுவும் இல்லை. காயம் எவ்வளவு ஆழம் என்பதில் இனத்துக்குப் பங்கு உண்டு. நாய் யாரை, எப்போது கடிக்கும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இனம் தரும் விடை சிறியது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த தகவலையும், 2,000க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. இனத்தைக் கண்ணால் அடையாளம் காண்பதும் நம்பத்தக்கதல்ல. புளோரிடாவின் காப்பகங்களில் 120 நாய்களைப் பார்த்த ஊழியர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனையில் அந்த வகை 25தான். உரிமம் சரிபார்க்கும் ஊழியரும் கண்ணைத்தான் நம்பியாக வேண்டும்.

இனத் தடைகளின் வரலாறு சுருக்கமானது. பிரிட்டன் 1991இல் நான்கு வகைகளைத் தடுத்தது, பிறகு எக்ஸ்.எல். புல்லி என்ற புதிய வகை பெருகி, அதையும் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008இல் கைவிட்டது.

கடியின் வேரைத் தேடினால் குட்டிப் பருவத்தின் மூன்றாம் வாரத்துக்கும் பதினான்காம் வாரத்துக்கும் இடையே போய் நிற்க வேண்டியிருக்கும். பிறந்த குட்டிக்கு இரண்டாம் வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு அச்சம் மிகக் குறைவு. எதிரே வரும் எதையும் முகர்ந்து பார்க்கத் தவழ்ந்து போகும். ஐந்தாம் வாரத்தையொட்டிப் புதியவற்றைக் கண்டு ஒதுங்கும் இயல்பு தலைதூக்கி வாரத்துக்கு வாரம் வளர்கிறது. ஆர்வத்தை அச்சம் மிஞ்சுவதற்குள் குட்டி யாரையெல்லாம் பார்த்துப் பழகியதோ, அவர்களே அதற்கு ஆயுள் முழுக்க ‘நம்மவர்’.

அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1961இல் வெளியானது. உயர்ந்த வேலியிட்ட திடலில் மனித வாடையே இல்லாமல் குட்டிகள் வளர்ந்தன. சிலவற்றை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு பழக்கினார்கள். ஏழாம் வாரத்தையொட்டிப் பழகியவை நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரைக் காணாதவை காட்டு விலங்குபோல மிரண்டன. பிறகு எவ்வளவு பழக்கியும் முழுதாகத் தேறவில்லை. அவை காக்கர் ஸ்பானியலும் பீகிளும். சாதுவானவை என்று பெயரெடுத்த இனங்கள்.

பாலில் உறை ஊற்றுவதும் இப்படித்தான். வெதுவெதுப்பு இருக்கும்போது ஒரு கரண்டி மோர் போதும். ஆறிப்போன பாலில் ஒரு செம்பு ஊற்றினாலும் தோயாது. எருமைப் பாலானால் தயிர் கெட்டி, பசும்பாலானால் இளக்கம். இனத்தின் பங்கு அவ்வளவு. பாத்திரத்துக்குப் பாத்திரம் சூடு ஆறும் நேரம் மாறுவதுபோல, இந்தப் பருவம் முடியும் நாளும் இனத்துக்கு இனம் சற்று மாறுகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்கு அச்சம் முந்திவிடும். கவலியர் ஸ்பானியலுக்குப் பிந்தி வரும். புளித்த உறை ஊற்றினால் பாத்திரம் முழுக்கப் புளிக்கும்: அந்த வாரங்களில் அடிபட்டு மிரண்ட குட்டிக்கு அந்த மிரட்சி வளர்ந்த பின்னும் தங்கிவிடக்கூடும்.

சட்டம் இந்த வாரங்களை ஏறக்குறைய தொடாமல் விட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அதாவது பழகும் பருவத்தின் சரிபாதி, இனப்பெருக்கம் செய்து விற்பவரின் கொட்டகைக்குள்ளேயே கழிகிறது. அங்கே கூண்டுக்குள் இருட்டில் கிடந்த குட்டிக்கு, வாங்கியவர் வீட்டில் மிஞ்சுவது சில வாரங்கள். தடுப்பூசித் தவணை முடியட்டும் என்று அந்த வாரங்களிலும் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கிறார்கள். பிறகு ஒரு நாள் அது தெருவில் இறங்கும்போது சைக்கிளும் குழந்தையும் அதற்கு முன்பின் கண்டிராத பூதங்கள். இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டோடு கொட்டகைகளுக்குள் போய்ச் சோதிப்பது இரண்டு இனப் பெயர்களைத் தடுப்பதைவிடக் கடினம், அதைவிடப் பயனுள்ளது. பெரிய நாய்க்கு வாய்மூடியும் கயிறும் கட்டாயம் என்ற விதியும் வேண்டியதே. இனம் எதுவானாலும் அது பொருந்தும்.

பெருநகரத்தை விட்டு வெளியே வந்தால் பட்டியலுக்கே வேலையில்லை. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயில் தெருவில் பிறக்கும் குட்டி, ஒவ்வோர் அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தின் கால்களுக்கிடையே வளர்கிறது. மனிதரோடு பழக அதைவிட நல்ல இடம் அமைவது அரிது. ஆனாலும் தெருநாய் கடிக்கிறது: குட்டி போட்ட தாய், இரைக்குச் சண்டையிடும் கூட்டம், வெறிநோய் கண்ட நாய் என்று காரணங்கள் வேறு. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். தெருநாய்க் கடிக்குத் தீர்வு 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்லும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான். கடிபட்டவர், கடித்த நாய் எந்த இனமென்று பாராமல், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லாத் தவணை ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.