மண்ணுக்குள் ஒளிந்திருந்த பகைவன்

வீரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவன் வேலேந்திய மறவன். மார்பில் ஏற்ற விழுப்புண்ணைப் பெருமையெனக் கொண்டவர்கள் நம் முன்னோர்; களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டவர்களும் அவர்களே. அந்த வீரத்துக்கு எதிரே ஒரு பகைவன் நிற்க வேண்டும். ஆனால், பகைவன் கண் காண நில்லாமல், மண்ணுக்கு அடியில் ஓசையின்றிப் படுத்திருப்பானாயின், அவனை எதிர்கொள்பவனின் வீரம் எத்தகையது? இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது பிரித்தானிய இராணுவத்தின் பொறியியலாளர் படையைச் சேர்ந்த அதிகாரிகள் சிலர் தம் செயலால் இக்கேள்விக்கு விடை பகர்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஸ்டுவர்ட் ஆர்ச்சர்.

கட்டடம் கட்டக் கற்றவர்

1915ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்த ஆர்ச்சர் தொழிலாற் கட்டடக் கலைஞர். வீடுகளையும் மண்டபங்களையும் வரைந்து அமைக்கப் பயின்றவர். யுத்தம் மூண்டபின், 1940ஆம் ஆண்டில், ரோயல் எஞ்சினியர்ஸ் எனப்படும் பொறியியலாளர் படையில் அதிகாரியாக நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பாலம் அமைப்பதும் பாதை செப்பனிடுவதும் அப்படையின் வழக்கமான பணிகள். ஆனால் அந்த ஆண்டு அதற்குப் புதியதொரு பணி வந்து சேர்ந்தது. வெடிக்காது கிடக்கும் குண்டுகளைத் தோண்டியெடுத்துச் செயலற்றதாக்குவதே அப்பணி. ஆர்ச்சர் அப்பணிக்கு அனுப்பப்பட்டு, வேல்ஸ் நாட்டின் தென்பகுதிக்குச் சென்றார்.

வெடிக்காத குண்டில் என்ன அபாயம் இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். வெடித்த குண்டு தன் அழிவை அப்போதே செய்து முடித்துவிடுகிறது. வெடிக்காத குண்டோ ஒரு தெருவையே வெறிச்சோடச் செய்கிறது. தொழிற்சாலையை மூட வைக்கிறது. புகையிரதப் பாதையை முடக்குகிறது. இதனை நன்குணர்ந்த ஜேர்மனியர், விழுந்தவுடன் வெடிக்கும் குண்டுகளோடு, வேண்டுமென்றே காலந் தாழ்த்தி வெடிக்கும் குண்டுகளையும் கலந்து வீசினர்.

எண்களின் மொழி

குண்டின் உயிர்நிலை அதன் பக்கவாட்டிற் பதிக்கப்பட்டிருந்த வெடிதூண்டி என்னும் சிறு கருவியாகும். ஜேர்மனியரின் வெடிதூண்டிகள் மின்சாரத்தால் இயங்கின. குண்டு விமானத்தை விட்டு நீங்கும் வேளையில், வெடிதூண்டியினுள் இருந்த கொள்ளளவியில் மின்சாரம் ஏற்றப்படும். அதன்பின் நடப்பது வெடிதூண்டியின் வகையைப் பொறுத்தது. அந்த வகையைக் குறிக்கும் எண்ணொன்று அதன் முகத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. 15 என்றால் மோதியவுடன் வெடிப்பது. 17 என்றால் உள்ளே கடிகாரம் உண்டு. விழுந்ததிலிருந்து 72 மணி நேரம் வரையிற் சென்ற பின்னும் அது வெடிக்கலாம். 50 என்றால் கிடக்கும் குண்டைச் சற்றே அசைத்தாலும் வெடிக்கும்.

ஆகவே, குழிக்குள் இறங்கும் அதிகாரி முதலிற் செய்ய வேண்டியது வாசித்தல். சேற்றைத் துடைத்து, எண்ணைக் கண்டு, அதன் பொருளை அறிந்து, அதற்கேற்ற முறையைக் கையாள வேண்டும். தோண்டும் வேலையைப் படைவீரர் பலர் சேர்ந்து செய்வர். வெடிதூண்டியைத் தொடும் நேரம் வந்ததும் அவர்கள் தூரத்துக்கு அனுப்பப்படுவர். குழிக்குள் எஞ்சியிருப்பவர் அதிகாரி ஒருவரே. ஆரம்ப காலத்தில் இவ்வதிகாரிகளுக்குக் கிடைத்த பயிற்சியும் சொற்பம், கருவிகளும் சொற்பம். பாடநூல் இல்லாத கல்வி அது. ஒருவர் பிழைத்து வந்து சொன்னது மற்றவருக்குப் பாடமாயிற்று. ஒருவர் மாண்டு போனால், அவர் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே பாடமாயிற்று.

இங்கேதான் ஜேர்மனியர் ஒரு வஞ்சகத்தைப் புகுத்தினர். 17ஆம் இலக்க வெடிதூண்டியின் அடியிலே, வெளியில் நின்று பார்ப்பவருக்குச் சற்றும் தெரியாதவாறு, சூஸ் 40 என்ற பெயருடைய இன்னொரு பொறியை வைத்தனர். குண்டு தரையில் மோதும் அதிர்ச்சியில் அப்பொறி ஆயத்தமாகிவிடும். பின்னர் யாரேனும் மேலிருக்கும் வெடிதூண்டியை வெளியே இழுத்தால், கீழே அடக்கி வைக்கப்பட்ட வில் விடுபட்டு, ஊசி பாய்ந்து, குண்டு வெடிக்கும். இந்தப் பொறி கட்டடத்தைத் தகர்ப்பதற்காக ஆக்கப்பட்டதன்று. குண்டைச் செயலிழக்கச் செய்ய வரும் மனிதனைக் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்டது. வெடிதூண்டியின் முகத்தில் இருந்த எண் உண்மையைச் சொல்லிற்று. ஆனால் முழு உண்மையைச் சொல்லவில்லை.

லாண்டார்சியில் ஒரு நாள்

தென் வேல்ஸில் சுவான்சி நகருக்கு அருகே லாண்டார்சி என்ற இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. 1922ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிய பெரிய நிலையம் அது. கடலாற் சூழப்பட்ட ஒரு நாட்டுக்கு, யுத்த காலத்தில் எண்ணெய் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் ஜேர்மன் விமானங்கள் அந்நிலையத்தைத் தாக்கின. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. எரியும் தாங்கிகளுக்கிடையே வெடிக்காத குண்டுகளும் புதைந்து கிடந்தன.

செப்டெம்பர் 2ஆம் நாள் ஆர்ச்சரும் அவருடைய குழுவினரும் அங்கே அழைக்கப்பட்டனர். சாதாரண இடமாயின், மக்களை அப்புறப்படுத்திவிட்டுக் கடிகாரம் ஓடி முடியும் வரை காத்திருக்கலாம். இங்கே காத்திருக்க இயலாது. இன்னும் தீப்பற்றாத தாங்கியொன்றின் அருகே கிடந்த குண்டையே மிக அபாயமானதென ஆர்ச்சர் தெரிந்தெடுத்தார். தீயின் வெப்பம் தாங்கொணாததாய் இருந்தமையால், வீரர்கள் முறை மாற்றி முறை மாற்றித் தோண்டினர். அவ்வாறு தோண்டிக்கொண்டிருக்கையிலேயே, அண்மையிற் கிடந்த வேறொரு குண்டு வெடித்தது. அவர்கள் தோண்டிக்கொண்டிருந்த குண்டும் அவ்வாறே எந்தக் கணத்திலும் வெடிக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. எனினும் வேலை நிற்கவில்லை.

குண்டை அடைந்த ஆர்ச்சர், வெடிதூண்டியை மட்டும் உருவியெடுக்க முயலவில்லை. அது பொருந்தியிருந்த உலோகக் குழாயையே முழுமையாகக் குண்டின் உள்ளிருந்து பெயர்த்தெடுத்தார். குண்டு வெறும் இரும்புக் கூடாயிற்று. பின்னர் அக்குழாயை ஆராய்ந்தபோது, 17ஆம் இலக்க வெடிதூண்டியின் அடியிலே சூஸ் 40 ஒளிந்திருந்தது வெளியாயிற்று.

அன்று காப்பாற்றப்பட்டது ஓர் எண்ணெய்த் தாங்கி மாத்திரமன்று. பகைவரின் இரகசியம் ஆய்வாளரின் கைக்கு எட்டியது. வெடிதூண்டியை நேராக இழுப்பது மரணத்துக்கு வழி என்பதை அறிந்தபின், வேறு வழிகள் தேடப்பட்டன. வலிமை மிக்க மின்காந்தத்தால் கடிகாரத்தை நிறுத்தவும், நீராவியைச் செலுத்தி வெடிமருந்தை உருக்கி வெளியேற்றவும் கருவிகள் உருவாயின. அக்கருவிகளால் உயிர் தப்பியோர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கிட்டதில்லை, கணக்கிடவும் இயலாது. நடவாத மரணங்களுக்குப் பதிவேடு ஏது?

புதியதொரு விருது

பிரித்தானியப் படைகளின் உயர்ந்த வீர விருது விக்டோரியா சிலுவை. அது பகைவரின் முன்னிலையிற் காட்டிய வீரத்துக்கு உரியது. குண்டுக் குழிக்குள் இறங்கியவர்களின் துணிவு அதற்குக் குறைந்ததன்று. ஆயினும் அவர்கள் முன்னிலையிற் பகைவன் இல்லை. தீயணைத்தோர், இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்டோர் ஆகிய பொதுமக்களின் நிலையும் அதுவே. இக்குறையை நீக்குதற்கு ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள் ஜோர்ஜ் சிலுவையை நிறுவினார். வெள்ளியாலான எளிய சிலுவை. நடுவே புனித ஜோர்ஜ் பறவைநாகத்தை வதைக்கும் உருவம். நீல நிறப் பட்டி.

அவ்விருதின் முதற் பட்டியல் அதே மாதம் 30ஆம் நாள் வர்த்தமானியில் வெளிவந்தது. லண்டன் புனித பவுல் பேராலயத்தின் அருகே ஆழப் புதைந்த குண்டை மூன்று நாள் தோண்டி அகற்றிய லெப்டினன்ட் ராபர்ட் டேவிஸும், அவருடன் உழைத்த ஜோர்ஜ் வைலியும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். சரியாக ஓராண்டு கழித்து, 1941 செப்டெம்பர் 30ஆம் நாள், ஆர்ச்சருக்கு அவ்விருது அறிவிக்கப்பட்டது. அதற்குள் அவர் கையாண்ட குண்டுகள் ஏறக்குறைய 200 என்பர்.

இவ்விருதைப் பெற்ற பலர் அதனைத் தம் கையால் வாங்கவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. சஃபோக் பிரபு சார்ள்ஸ் ஹவார்ட் என்பவர் படைவீரரல்லர். குண்டுகளை ஆராய்ந்த விஞ்ஞானி. 1941 மே 12ஆம் நாள் எரித் சதுப்பு நிலத்திலே ஒரு குண்டு வெடித்து, அவரும் அவருடைய செயலாளரான பெண்மணியும் சாரதியும் ஒருங்கே மாண்டனர். அவருக்கு ஜோர்ஜ் சிலுவை மரணத்தின் பின்னரே வழங்கப்பட்டது.

நூறு வயது

சில வாரங்கள் பிழைத்திருப்பதே அரிதெனக் கருதப்பட்ட பணியிலிருந்து மீண்ட ஆர்ச்சர், யுத்தம் முடிந்ததும் தம் பழைய தொழிலுக்குத் திரும்பினார். இடிபாடுகளின் நடுவே குழிகளில் இறங்கியவர், மீண்டும் கட்டடங்களை வரைந்தார். பிற்காலத்தில் ஓ. பி. ஈ. என்ற கௌரவமும் அவரை வந்தடைந்தது. சேமப் படையில் ஆற்றிய நெடுங்காலச் சேவைக்கான பதக்கத்தையும் பெற்று, கேர்ணல் பதவிக்கு உயர்ந்தார். விக்டோரியா சிலுவையும் ஜோர்ஜ் சிலுவையும் பெற்றோரின் சங்கத்துக்கு 1994 முதல் 2006 வரை தலைமை தாங்கினார். 2015 பெப்ரவரியில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. அவ்விரு விருதுகளுள் ஒன்றைப் பெற்றவர்களிலே நூறு வயதை எட்டிய முதல்வர் அவரே. அதே ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் செயலிழக்கச் செய்த குண்டுகளின் உடன்பிறப்புகள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2024 பெப்ரவரியிற்கூட, இங்கிலாந்தின் பிளிமத் நகரிலே ஒரு வீட்டுத் தோட்டத்தில் 500 கிலோகிராம் எடையுள்ள ஜேர்மன் குண்டொன்று அகப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்களை அப்புறப்படுத்திய பின்னரே அதனைக் கடலுக்குக் கொண்டு செல்ல முடிந்தது. யுத்தம் முடிந்தது என்று ஏட்டில் எழுதிவிடலாம். மண் அதனை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணிவெடி அகற்றும் பணியை அண்மையில் நின்று கண்ட நம் வடபுலத்து மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவர் அறியாமையின் பாற்படுத்தினார். ஆர்ச்சரின் துணிவு அவ்வகைப்பட்டதன்று. குண்டு என்ன செய்யும் என்பதை அவர் அறிவார், அறிந்தே இறங்கினார். கை நடுங்காமல் எண்ணை வாசித்தலும், அவசரத்துக்கு இடங்கொடாமல் முறையாக ஒவ்வொன்றாய்ச் செய்தலும் அவருடைய படைக்கலங்களாயின. பள்ளியில் மாணவர் கற்கும் மின்னியலும், வில்லின் இயக்கமும், வெப்பத்தால் ஒரு பொருள் உருகும் தன்மையுமே அக்குழிக்குள் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றன. ஒருவரையும் கொல்லாமல், எண்ணற்றோர் உயிரைக் காத்துப் பெற்ற பதக்கம் அவருடையது. காக்கப்பட்டோருள் பெரும்பாலோர் அவர் பெயரைக்கூட அறியாமல் வாழ்ந்து முடித்திருப்பர்.